மச்சானின் கட்டைவிரல்

முக்குளிப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கை வந்து நிற்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளைந்து நுனியில் தொட்டு ஒரு வட்டம் போடும். கடலுக்கடியில் அதற்கு ‘ஓகேயா?’ என்று பொருள். அதே வட்டத்தைத் திருப்பிக் காட்டினால் ‘ஓகே’. அந்தமானில், ஹேவ்லாக் தீவுக்குச் சுற்றுலா வருகிறவர்களைப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகும் வேலையில் நானும் மச்சானும் பேசிக்கொண்டதில் பாதி இந்த வட்டத்தில்தான். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். வீட்டில் வாய் ஓயாத மனிதர். தண்ணீருக்குள் இறங்கினால் கையால் அதைவிட அதிகம் பேசுவார். அவர் போடும் வட்டம் வளையல் மாதிரி இருக்கும்.

அந்த வட்டம் கெட்டுப்போனதை நான் உடனே கவனிக்கவில்லை. அவர் இடது கையால் சைகை காட்ட ஆரம்பித்ததைத்தான் கவனித்தேன். அதற்கு முன்னால் கொஞ்ச நாள் வலது முழங்கைக்குக் கீழே வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தார். சுளுக்கு என்று முடிவு கட்டி அக்கா தைலம் தேய்த்து, மேலே ஒரு துணிக்கட்டை இறுக்கிச் சுற்றினாள். வலி போய்விட்டது. எங்கள் வீட்டில் வலி போனால் நோயும் போய்விட்டதாக அர்த்தம். பிறகு ஒருநாள் அவருக்கு அக்கா சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதைப் பார்த்து, “இத்தனை வருஷம் கழிச்சு என்ன மச்சான் புதுசா?” என்று கிண்டல் செய்தேன். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவர் அன்று சிரிக்கக்கூட இல்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், கலங்கிய தண்ணீரில் இறங்கினோம். மச்சான் முன்னால், மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு பெண் நடுவில், நான் கடைசியில். யாரோ அறுத்துவிட்டுப் போன தூண்டிலின் நைலான் தங்கூசி அந்தப் பெண்ணின் சிலிண்டரில் சிக்கிக்கொண்டது. அடிக்கடி நடப்பதுதான். தங்கூசியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து மறுகையால் கத்தி போட்டால் முடிந்தது. மச்சான் கிள்ளிப் பிடித்தார், நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடியும் நழுவியது. அந்தப் பெண்ணின் மூச்சுக்குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வர ஆரம்பித்தன. பிறகு அவள் காலை உதைத்தாள். அந்த ஆழத்திலிருந்து பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். மச்சான் மூன்றாவது முறை பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் கையை விலக்கிவிட்டுத் தங்கூசியை வெட்டினேன்.

அந்தப் பெண்ணிடம் ஓகேயா என்று கேட்டேன். அவள் போட்ட வட்டம் வட்டமாகத்தான் இருந்தது. மச்சானிடம் கேட்டேன். பதற்றத்தில் வலது கையையே தூக்கிவிட்டார். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வளையவே இல்லை. இரண்டும் தட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றன.

படகில் ஏறியதும் என்னை ஓரமாக இழுத்தார்.

“மாப்ள, முதலாளி காதுக்குப் போகக் கூடாது. சீசன் முடியட்டும்.”

“அந்தப் பொண்ணு மேல பாஞ்சிருந்தா?”

“பாயலல்ல? டீக் ஹை, எல்லாம் சரிதான். விடு.”

நான் விடவில்லை. அன்று சாயங்காலமே அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அக்கா சத்தம் போடவில்லை. “விரல் வரலைன்னா வேற வேலை பாப்போம்ங்க. தண்ணிக்குள்ள யாரையும் கொன்னுட்டு வந்து என் முன்னால நிக்காதீங்க” என்றாள். தண்ணீரைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூவரும் கப்பல் ஏறினோம். ஃபீனிக்ஸ் பே துறைமுகம் போய்ச் சேரும்வரை அவர் வலது கையைப் பாக்கெட்டைவிட்டு எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் ஒரு இளம் டாக்டரம்மா. மச்சான் என்ன வேலை செய்கிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது. கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மரத்துப்போகிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றார் மச்சான். உடனே டாக்டரம்மா தன் கையைத் தூக்கி, “ஐஸே திகாவோ”, இப்படிக் காட்டு என்று விரலை வளைத்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

கடலுக்கடியில் மச்சான் ஆயுளெல்லாம் காட்டிய அதே வட்டம். அவர் முயன்றார். விரல்கள் தட்டையாகவே நின்றன. இடது கையால் கட்டைவிரல் நுனியை மடக்கிவிட்டார். விட்டதும் அது நிமிர்ந்துகொண்டது. பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

முன்கையில் ஆழமாக ஓடும் ஒரு நரம்பு அழுந்திப்போயிருக்கிறது என்றார் டாக்டர். அது அந்த விரல் நுனிகளை மடக்கும் தசைகளுக்கான நரம்பு, தோலுக்குப் போவதில்லை. அதனால் மரத்துப்போகாது, யாரும் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வருவதும் இல்லை. வேலையை விசாரித்ததும் காரணம் கிடைத்த மாதிரி இருந்தது. வற்றத்தில், கடல் உள்வாங்கும் நேரத்தில், படகு கரைக்கு வராது. விருந்தாளிகளின் கால் பவளத்தில் கிழியக் கூடாது என்று, அவர்களுடைய சிலிண்டர்களையும் மச்சான் தன் முன்கையில் வாரோடு தொங்கவிட்டுக்கொண்டு படகுவரை நடப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. போதாததற்கு அக்காவின் இறுக்கிய கட்டு வேறு. டாக்டர் நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். பாரம் தூக்கக் கூடாது, கட்டு போடக் கூடாது, கைக்கு ஓய்வு; பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும், சில மாதம் பார்க்கலாம்; வராவிட்டால் மெயின்லேண்டில் ஆபரேஷன். வரும் என்று உறுதி சொல்லுங்கள் என்று அக்கா கேட்டாள். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் மச்சான் படகில் உட்கார்ந்து எங்கள் குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். நான் மேலே வந்தால் இரண்டு கைகளையும் தலைக்குமேல் சேர்த்துப் பெரிய வட்டம் போடுவார். தூரத்திலிருந்து ஓகேயா என்று கேட்பதற்கான சைகை அது. அவர் முன்னால் விரலால் வட்டம் போட எனக்கு மனம் வரவில்லை. நானும் கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிவிடுவேன். ஒருநாள், படகின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் கிட்டவே இருந்தபோதும் அப்படியே செய்தேன்.

“ஏன்டா, உன் வெரலும் போச்சா?” என்றார்.

வேறு வழியில்லாமல் விரலால் காட்டினேன். அவரும் வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கட்டைவிரல் நுனி கொஞ்சம் மடங்கியது. வட்டம் இல்லை, நசுங்கிய முட்டை. எனக்கு அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது மச்சான் மறுபடியும் எனக்கு முன்னால் நீந்துகிறார். சிலிண்டர்கள் தள்ளுவண்டியில் போகின்றன. பாறைக்குப் பக்கத்தில் திரும்பி, என் கண்ணாடிக்கு முன்னால் கையை நிறுத்தி, ஓகேயா என்று கேட்கிறார். நான் அவருடைய கட்டைவிரல் நுனி மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். பதில் வராததால் அவர் பொறுமை இழந்து, கையை இன்னும் கிட்டே கொண்டுவந்து, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, இரண்டாவது முறை கேட்கிறார்.