கூட்டுக்குள்ளே சர்க்கரைவள்ளி

ஊரில் என்னைச் சர்க்கரைவள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நான் சொல்லவந்தது என் மச்சான் டொமேடாவைப் பற்றி.

அவன் தங்கச்சி பொமாத்து என் பெண்டாட்டி. என் தங்கச்சி இலவேமா அவன் பெண்டாட்டி. எங்கள் தீவில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்கு வருஷா வருஷம் கிழங்கு விளைவித்துக் கொடுப்பது அண்ணன் கடமை. பொமாத்துவுக்காக அவன் விளைவிக்கும் பெருவள்ளி என் வாசலில் நிற்கிற கிழங்குக் கூட்டுக்கு வரும். இலவேமாவுக்காக நான் விளைவிப்பது அவன் கூட்டுக்குப் போகும். டொமேடா கைவைத்த மண்ணில் கிழங்கு ஆள் உயரத்துக்கு இறங்கும். பேச்சுதான் வராது. சங்கு ஊதி, கூவிக்கொண்டு கூடைகளைத் தூக்கி வருகிற கூட்டத்தில் கடைசி ஆளாக, ஏதோ தப்புப் பண்ணினவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வருவான். கூட்டின் மரச் சட்டங்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் நல்ல கிழங்காகத் தெரியும்படி அவனே அடுக்குவான். 'இவளுக்கு அண்ணன் இருக்கான்' என்று ஊர் பார்த்துச் சொல்ல வேண்டுமே!

சர்க்கரைவள்ளியை எவன் பார்க்கப்போகிறான்? எந்த மாதத்தில் கொடியைக் கிள்ளிச் செருகினாலும் வரும். பொம்பளைகள் தோண்டி வந்து அவிப்பார்கள். தின்போம், மறந்துவிடுவோம்.

போன வருஷம் இலவேமா செத்துப்போனாள். காய்ச்சல், மூன்றே நாள். செத்தவளின் கூடப்பிறந்தவன் உடலைத் தொடக் கூடாது, கரி பூசக் கூடாது. துக்கமெல்லாம் புருஷன் வீட்டார் பொறுப்பு. நான் ஓரமாக உட்கார்ந்து பாக்கு மென்றேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மாதக்கணக்கில் ஒன்றும் தோன்றவில்லை.

டொமேடா தலையை மழித்து, உடம்பெல்லாம் கரி பூசி, வீட்டுக்குள் பாய் மறைப்பில் உட்கார்ந்தான். மழை வந்தது. பெருவள்ளி ஊன்றுகிற மாதம் வந்தது, போனது. துக்கம் முடிந்து கரியைக் கழுவிவிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மூலையில் இருந்த விதைக்கிழங்கு முளைவிட்டு, சுருங்கி, அங்கேயே அழுகிற்று. சர்க்கரைவள்ளி என்றால் அடுத்த வீட்டில் கொடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெருவள்ளிக்குக் கிழங்கையே அல்லவா மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்! என் தோட்டத்துக் கிழங்கு முழுக்க இலவேமாவுக்குத் துக்கம் காத்தவர்களுக்குப் பங்கு வைத்ததில் போயிருந்தது.

ஆனாலும் அறுவடைக்குச் சங்கு ஊதிற்று, கூடைகள் வந்தன. டொமேடா வரவில்லை. பொமாத்துவும் அவள் சித்தி மகனும் கூட்டை அடுக்கினார்கள். இடுக்குகளில் பெருவள்ளி கொழுகொழுவென்று தெரிந்தது.

"பரவால்லையே, உங்க மச்சான் எழுந்துட்டான் போல!" என்றான் பக்கத்து வீட்டு மொகிலோவா. அடுத்தவன் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்ப்பதே அவன் பிழைப்பு.

மூன்று வாரத்தில் நாற்றம் வந்தது.

"என்னண்ணே, உங்க பெருவள்ளிக்கு வயித்தால போகுதா? எங்க வீடு வரைக்கும் வீசுதே!" என்றான் மொகிலோவா.

"உன் மூக்கைக் கழட்டி வச்சுட்டுப் போடா."

அவன் போனதும் பின்பக்கச் சட்டத்தை நீக்கிக் கையை விட்டேன். கொழகொழவென்று ஒட்டிற்று. முன்வரிசை மட்டும் பெருவள்ளி, உள்ளே முழுக்கச் சர்க்கரைவள்ளி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஏண்டி, ஊர் முன்னாடி அழுகலை அடைச்சு வச்சு என்னை நிக்க வச்சுட்டியே!"

"கத்தாதீங்க" என்றாள் பொமாத்து. "முன்னால இருக்கிறது அண்ணனோட பழைய தோட்டத்துல தப்பி முளைச்சது. மிச்சமெல்லாம் நான் நட்டது. தங்கச்சிக்குக் கிழங்கு குடுக்கலேன்னு எவனாவது ஒரு வார்த்தை சொல்லிட்டா, அண்ணன் தென்னை ஏறிடுவான்."

அவமானப்பட்டுத் தென்னை உச்சிக்கு ஏறினவர்கள் எங்கள் ஊரில் இறங்கி வந்ததில்லை. குதித்துத்தான் இருக்கிறார்கள். என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"விதைக்காவது அவன்கிட்ட எதுவும் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல."

புதுத் தோட்டத்துக்குக் காடு வெட்டுகிற மாதம் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை, எல்லோரும் நடமாடுகிற நேரத்தில், முகப்பிலிருந்த பெருவள்ளியை ஒவ்வொன்றாக உருவிக் கூடையில் வைத்தேன். இடுக்குகளில் அழுகின சர்க்கரைவள்ளி பல்லிளித்தது. மொகிலோவா ஓடிவந்தான். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

"அடேங்கப்பா! டொமேடா குடுத்தது இதுதானா?"

பொமாத்து கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"டொமேடா குடுத்ததை நான் தின்னு தீர்த்துட்டேன்டா. கூடு காலியாத் தெரியக் கூடாதுன்னு சர்க்கரைவள்ளியைப் போட்டு அடைச்சேன்."

"மூணு வாரத்துலயா?"

"ஆமா. எனக்குப் பசி."

எங்கள் ஊரில் பசி என்று வாய்விட்டுச் சொல்வதைவிட அம்மணமாக நடந்து போகலாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பேர் வைத்தது அன்றைக்குத்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சிரிப்புக்கு நடுவே நடந்தேன்.

டொமேடா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கு முன்னாலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"பசின்னு சொன்னியாமே."

"சொன்னேன். இந்தா, விதைக்கு."

கூடையைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"யாருக்காக ஊன்ற, மச்சான்? அதான் அவ போயிட்டாளே."

அப்படியே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. "உன் தங்கச்சி உயிரோடதாண்டா இருக்கா! எனக்குத்தான் இல்ல. நான் யாருக்கு ஊன்றது, சொல்லு பார்ப்போம்?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இலவேமா செத்த பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"இது முளைக்கும்" என்றான்.

கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே போனான். தோட்டத்துப் பாதையில் அவன் காலடிச் சத்தம் கேட்டது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இலவேமாவின் அடுப்பு, மூன்று கல்லும் கலையாமல், எதிரிலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.