பாதியில் நின்ற கைப்பிடி

திறந்தும் இல்லாமல் பூட்டியும் இல்லாமல் பாதியில் நின்ற அந்தக் கைப்பிடியை இன்றும் என் உள்ளங்கை மறக்கவில்லை. சிவப்புப் பூச்சு உரிந்த ஒரு சாண் இரும்பு. அதை நான் பூட்டினேன். யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

வாவிக் கரையில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் அக்காவின் கணவர் தலைமை மெக்கானிக். குடிநீர்க் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டு, நக்கலடித்துக்கொண்டே வேலை செய்வோம். வாகரை மீன் லொறிகள் ஐஸுக்குக் காத்துநின்ற ஒரு காலையில், அமோனியாக் குழாயில் ‘போல் வால்வு’ ஒன்று கசியத் தொடங்கியது. அதன் உள்ளே இருப்பது நடுவில் துளையிட்ட ஓர் உருண்டை. கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் துளை குழாய்க்கு நேராக வரும். திரும்பத் திருப்பினால் குறுக்கே நின்று வழியை அடைக்கும். உருண்டையை இரு பக்கமும் அணைத்திருக்கும் வெள்ளை வளையங்கள் தேய்ந்தால் கசியும். கழற்றி வளையத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

மச்சான் வால்வுக்கு இரு பக்கமும் குழாயை அடைத்தார். உள்ளே மிஞ்சிய அமோனியா வடிய, தண்ணீர் நிரப்பிய இரும்புப் பரலுக்குள் இரு பக்கமிருந்தும் ஹோஸ் விட்டார். கசிந்த வால்வைப் பாதி திறந்து வைத்துவிட்டு, புது வளையம் எடுக்க ஸ்டோருக்குப் போனார். பூட்டிய உருண்டையின் வயிற்றுக்குள்ளும் அமோனியா அடைபட்டு நிற்கும், பாதி திறந்திருந்தால்தான் அதுவும் வடியும் என்பது எனக்குத் தெரியாது. குடிநீர்க் குழாயில் பாதியில் நிற்கும் கைப்பிடி என்றால் எவனோ மறந்துவிட்டான் என்று அர்த்தம். மச்சானுக்கும் வயசு போகிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டுதான் பூட்டினேன்.

திரும்பி வந்தவர் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பூச்சியம். கைப்பிடி சுவர்ப்பக்கம் இருந்ததால், அவர் குந்திய இடத்திலிருந்து தெரியவில்லை. வேர்வையில் மங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போல்ட்டுகளைத் தளர்த்தினார். உருண்டைக்குள் நின்றது அவர் முகத்தில் சீறியது.

வலது கண் அன்றே போயிற்று. இடது கண்ணுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. வால்வு பூட்டிக் கிடந்ததைக் கண்ட எல்லாரும் அவர் மறந்துவிட்டார் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“மச்சான், நான் அரைவாசி திறந்துதானே வச்சன்? நீ கண்டியா?”

“நான் கவனிக்கல்ல மச்சான்.”

அக்காவின் முகத்தை நினைத்துப் பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அது கிழமையாகி, வருசமும் ஆயிற்று. கண்ணைவிடப் பெரிய ஒன்றை நான் பறித்துவிட்டேன் என்பது மெல்லத்தான் விளங்கியது. மனுசன் தன்னையே நம்பாமல் போனார். மாத்திரை போட்டேனா, கதவைப் பூட்டினேனா என்று எதையும் அக்காவிடம் இரண்டு தரம் கேட்பார். “உங்கட மறதிதானே நம்மள இந்தக் கெதிக்குக் கொண்டுவந்த” என்பாள் அவள். சித்தாண்டி முருகன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் தீர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்போதும் அதையே சொல்வாள். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நடக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நாய்ப் பிழைப்பு.

போன மாதம் தொழிற்சாலையின் இப்போதைய மெக்கானிக், வால்வு ஒன்றைக் கழற்ற யோசனை கேட்க மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் இருந்தேன். “பாதி திறந்து வைக்கிறத்த மட்டும் மறந்திடாதீங்க தம்பி. நான் மறந்துதான் இந்தக் கோலம்” என்றார் மச்சான். இத்தனை வருசமும் கேள்வியாகக் கேட்டவர், அன்று அதை நம்பிவிட்டிருந்தார். வந்தவர் போனதும் சொல்லிவிட்டேன்.

“நீங்க மறக்கல்ல மச்சான். திறந்துதான் வச்சீங்க. நான்தான் பூட்டினன்.”

ஏசுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. தடவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“இஞ்ச வா புள்ள! கேட்டியா? நான் மறக்கல்லையாம்! எனக்கு ஒண்டும் மறக்கல்ல!”

அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். மச்சான் சிறுபிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.