மனசு டாக்டரிடம் முழங்கால் வலி

“...எலும்பு டாக்டர் வெளிநாட்டுக்குப் போயிட்டாராம். இப்ப மனசு டாக்டரை அனுப்பியிருக்காங்க. நமக்கு வலிக்கிறது முழங்காலு புள்ள, மனசைக் கொண்டுபோய் என்னத்தக் காட்டுறது?”

பக்கத்து வீட்டு அக்கா இப்படிச் சொன்னதும் வரிசையே சிரித்தது. போன வருஷ மழைக்காலம். ஹட்டன் பக்கமுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். பொது டாக்டருக்கு கேட் வரைக்கும் வரிசை. மனசு டாக்டர் அறை வாசலில் நீளமான பெஞ்சு, அதில் ஒரு ஈ, காக்கா கிடையாது. அங்கே உட்கார்ந்தால், சுவரோடு சுவராக ஒட்டிய எங்கள் லயத்து வீடுகள் முழுக்க நமக்குப் பைத்தியம் என்று பேசிவிடுவார்களே.

எனக்கோ கால் கடுத்தது. சும்மா கிடக்கிற பெஞ்சுதானே என்று உட்கார்ந்தேன். உடனே நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டார். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த முதல் ஆள் நான்.

முழங்கால் வலி என்றேன். சிங்கள டாக்டர். காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, தமிழைத் தேடித் தேடி எடுத்து, “இரவு நித்திரை வாறதா?” என்று கேட்டார். கூட்டமில்லாத டாக்டருக்கு என்ன அவசரம்? அப்புறம் நான் பேசினேன் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்ததிலிருந்து, மழை பெய்தால் நான் படுப்பதில்லை. மண் சரிகிற சத்தம் வருகிறதா என்று சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருப்பேன். வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் கொட்டி, அழுது, மருந்தும் அடுத்த கிளினிக் நாளும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “என்ன புள்ள, மனசுல சுளுக்கா?” என்றார் அக்கா.

“முழங்காலைத்தாங்க்கா பார்த்தாரு. நல்லாப் பார்க்கிறாரு” என்று சமாளித்தேன்.

நாள் போகப் போகத் தூக்கம் வந்தது. அடுத்த கிளினிக்குக்குப் போனால் அந்தப் பெஞ்சில் இடமில்லை. எங்கள் லயத்து ஆட்கள். கேட்டால் எல்லோருக்கும் முழங்கால் வலி. நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். மழை ராத்திரியில் நான் மட்டும்தான் விழித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு காது இருந்திருக்கிறது. இப்போதெல்லாம் மழை பிடித்தால் சுவரைத் தட்டிப் பேச்சுக் கொடுக்கிறேன்.

அன்றைக்குக் கிளினிக்குக்குக் கடைசியாக அக்கா வந்தார். சேலைக்கு மேலேயே வலது முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடது காலை நொண்டியபடி. யாரும் சிரிக்கவில்லை. நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம். உட்கார்ந்தவர், முறை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.