பாஸ்கர் போனுக்கு வந்த அப்டேட்

சைக்கிள் ஸ்டாண்டில் எண்ணெய்ப் பிசுக்கும் மழையில் நனைந்த சாக்கும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். ஆவடியில் எங்கள் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே இருந்த ஸ்டாண்டு அது.

கேமரா போனை உள்ளே கொண்டுபோக முடியாது. காலையில் ஸ்டாண்டு வள்ளியக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மரத்தில் அறை அறையாக ஒரு அலமாரி வைத்திருந்தார். கூட்டம் அதிகம் என்பதால் கூட்டாளிகள் ரெண்டு பேருக்கு ஓர் அறை, ஒரு டோக்கன்.

என் அறைக் கூட்டாளி பாஸ்கர். ஆவடிக்காரன். நான் சங்கரன்கோவில் பக்கம். ரெண்டு பேரும் ஒரே நாள், ஒரே கடையில், ஒரே மாடல் போன் வாங்கினோம். கறுப்பு நிறம் கூட ஒன்றுதான்.

அப்போது செல்வி பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்துவிட்டு, லீவு முடிந்ததும் திரும்பிவிட்டேன்.

பிள்ளை முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது...

என் மச்சினன் புது போன் வைத்திருந்தான். "அத்தான், வீடியோ கால் போடலாம், நீங்களும் அந்த ஆப்பை ஏத்துங்க" என்றான். என் போனில் ஏறவில்லை. பழைய வெர்ஷனாம். மிட்டாய்ப் பெயர் வைத்து ஆண்ட்ராய்டில் புது வெர்ஷன் வந்திருக்கிறது, அது வந்தால்தான் ஏறும் என்றது போன்.

அந்தக் காலத்தில் அப்டேட் எல்லோருக்கும் ஒன்றாக வராது. இன்றைக்கு ஒருத்தனுக்கு, அடுத்த வாரம் இன்னொருத்தனுக்கு. டியூட்டி முடிந்து போனைக் கையில் வாங்கியதும் செட்டிங்ஸுக்குள் போய்த் தட்டிப் பார்ப்பேன். 'யுவர் சிஸ்டம் ஈஸ் அப் டு டேட்' என்று வரும். பொய் சொல்கிறது என்று தெரிந்தும் மறுநாள் மறுபடி தட்டுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினால்... திரையில் 'புது வெர்ஷன் தயார், இன்ஸ்டால் செய்யலாமா' என்று நிற்கிறது. அழுத்தினேன். போன் அணைந்து, கோடு மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தது. அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னேன். "இன்னா, பொண்டாட்டி வந்துட்டாளா?" என்று வள்ளியக்கா கேட்டார்.

போன் எழுந்தது. ஐகான் எல்லாம் புதுசு. செல்வியைக் கூப்பிடலாம் என்று தேடினால் செல்வியே இல்லை. யார் யாரோ இருக்கிறார்கள். அப்டேட்டில் எல்லாம் அழிந்துவிட்டது போல என்று திரும்பத் திரும்பத் தேடினேன்.

பின்னால் பாஸ்கர் வந்து நின்றான். கையில் இன்னொரு கறுப்பு போன்.

"மாமே, என் போன வெச்சிகினு இன்னா பண்ணிகினு கீற?"

அவன் தங்கியிருந்த அக்கா வீட்டில் பிராட்பேண்ட் இருந்தது. ராத்திரி அதுவே இறங்கி ரெடியாகியிருக்கிறது. என் கையாலேயே அவன் போனை நான் அப்டேட் செய்து கொடுத்திருக்கிறேன். என் போனோ அவன் கையில், அதே பழைய வெர்ஷனோடு.

எப்படி எரிந்தது தெரியுமா? அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவன் யார் முகத்தைப் பார்க்கப் போகிறான்? நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய் என்று மனசுக்குள் திட்டினேன்.

அவனோ அங்கேயே ஆப்பை ஏற்றி, "மச்சினன் நம்பர் சொல்லு மச்சான், பாப்பாவ பாப்போம்" என்றான்.

பார்த்தேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. போதும், அதுவே போதும் என்று இருந்தது.

ஆனால் கால் எல்லாம் அவன் நம்பருக்குத்தானே வரும்... ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கும்போது வந்திருக்கிறது. அவன் எடுத்து ஏதோ விசில் அடித்திருக்கிறான். குழந்தை முதன்முதலாக வாய் திறந்து சிரித்திருக்கிறது. அவனைப் பார்த்து.

"என்னங்க, உங்க மக இன்னைக்குச் சிரிச்சிட்டா" என்று செல்வி போனில் சந்தோஷமாகச் சொன்னாள். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அஞ்சாம் மாதம் செல்வி வந்தாள். ஸ்டேஷனில் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டு அழுதது. பெட்டி தூக்க வந்த பாஸ்கர் பின்னாலிருந்து விசில் அடித்தான். அழுகை நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் எல்லோரும் அவனைத்தான் அப்பா என்று நினைத்திருப்பார்கள்.

என் போனுக்கு அப்டேட் கடைசி வரை வரவேயில்லை. அதே கம்பெனி, அதே மாடல்... இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது ஆவடிக்குப் பக்கத்திலேயே சேக்காட்டில் சொந்த ஃபிளாட். வீட்டில் வைஃபை. ராத்திரி சார்ஜில் போட்டால் காலையில் அதுவாகவே மாறி நிற்கிறது. "திரும்பவும் எல்லாத்தையும் மாத்தி வச்சிட்டான்" என்று சலித்துக்கொள்கிறோம். யாரும் எதற்கும் காத்திருப்பதில்லை.

போன வாரம் மகளுடைய பழைய டேப்லெட்டுக்குப் புது வெர்ஷன் வந்தது. அதுதான் அதற்குக் கடைசி அப்டேட்டாம். போட்டு முடித்ததும் கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வீடியோ கால் போட்டாள். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருக்கும் தாய்மாமனுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

விசில் சத்தம் கேட்டது.

ரெண்டு பையன்களுக்கு அப்பாவாகி, தலை நரைத்தும் அவன் அந்த விசிலை விடவில்லை. அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

"அப்பா, பாஸ்கர் மாமா உன்னைக் கேக்கறாரு" என்று டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னா மச்சான், இன்னும் எம்மேல காண்டாத்தான் கீறியா?"

"ஆமாடா" என்றேன்.