அப்பாவுக்குப் பிடித்த வரி

கேகாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொன்ன பாடம் ஒன்றுதான்: நாம் நினைத்ததை அது செய்யாது, எழுதியதைத்தான் செய்யும். வரிச் சட்டமும் அதே சாதிதான் என்பது அப்பாவின் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

அப்பா தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணத்தை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். மருந்தை விட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மாதம் வட்டி குறைந்து வந்தது. வரி பிடித்திருந்தார்கள்; பிடித்ததற்கு அப்பாவின் பெயர் போட்டு ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. சம்பளமே இல்லாத மனிதரிடம் என்ன வரி? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சட்டப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். இப்படியிருந்தால் இப்படி, ஆனால் இன்ன பிரிவுக்கு உட்பட்டு. அங்கே போனால் அது இன்னொரு பிரிவுக்குத் துரத்தியது. கண்டபடி ஒட்டுப்போட்ட புரோகிராமைத் திருத்துகிற அதே தலைவலி. வட்டி என்றால் என்ன என்று சொல்லவே அரைப் பக்கம். எழுதியவன் என் வகுப்பில் இருந்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

கடைசியில் பிடிபட்டது. வருமானம் குறைவு என்று வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிடிக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் பிடிக்க வேண்டும். அப்பா கொடுக்கவில்லை, வங்கிக் கம்ப்யூட்டர் பிடித்தது. அதன்மேல் ஒரு பிழையும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். சிங்களத்தில் மல்லுக்கட்டிப் படிவத்தை வாங்கி, பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

"இதுல என்னா எழுதியிருக்கு?"

"நீங்க இந்த நாட்டுல வரி கட்ட வேண்டிய ஆளு இல்லன்னு இருக்குப்பா. போடுங்க."

பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "போடமாட்டேன் புள்ள."

"மருந்துக்கு என்னா செய்வீங்க?"

"பிரஜாவுரிமை கேட்டு கவர்மெண்டு கச்சேரிக்கு நடந்து நடந்து கால் தேஞ்சிச்சு. இது உன் நாடு இல்ல, இந்தியாவுக்குப் போன்னாங்க. இப்பதான் என் பேரப் போட்டு, வரி கட்டுனான்னு துண்டு குடுத்திருக்காங்க. அத நானே இல்லன்னு எழுதிக் குடுக்கவா?"

ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டத் தேவையில்லாதவன் கட்டியே தீருவேன் என்று நின்றால் என்ன செய்வது? அந்தச் சட்டத்தை எழுதியவனும் அதை நினைத்திருக்க மாட்டான், நானும் நினைக்கவில்லை. குறைந்த மருந்துக் காசை நானே போட்டேன், மாதா மாதம் திட்டிக்கொண்டே.

அடுத்த துண்டு வந்த அன்று அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கில் முட்டுமளவுக்குப் பிடித்துத் தேடினார். ஆங்கிலத்தில் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான்.