சர்வே கல்லைச் சுற்றி விட்ட புல்

டிராக்டரை நிறுத்தச் சொல்லி ஆளாளுக்குக் கையைக் காட்டுவார்கள். போட்டோ எடுக்க ஒருத்தர், பொம்பளை ஓட்டுகிறாளே என்று விசாரிக்க ஒருத்தர். நான் நிறுத்தவே மாட்டேன். வேலை நடக்கும்போது பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு வந்தவள் கையெல்லாம் காட்டவில்லை. ஓட்டமாக ஓடி வந்து டிராக்டர் முன்னால் நின்றுவிட்டாள். நான் பிரேக்கை மிதித்த மிதியில் முழங்கால் ஒரு வாரம் வலித்தது.

என் பெயர் தனலட்சுமி, ஊர் கீழ்பென்னாத்தூர். உழவு, சேறடிப்பு, கடலைக் கொல்லைக்கு ரொட்டவேட்டர் எல்லாம் ஓட்டியவள்தான். இப்போது எனக்கு ஸ்லேஷர் வேலைதான் ஜாஸ்தி. புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஸ்லேஷர் என்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பெரிய இரும்புத் தட்டு. அடியில் பிளேடு இருக்கும். பி.டி.ஓ. லிவரைப் போட்டால் இன்ஜினோடு சேர்ந்து பிளேடும் சுற்றும். ஆள் உயரப் புல்லைக்கூடத் தூளாக்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

வேலை

கார்த்திகை தீபத்துக்கு அண்ணாமலையார் கோயில் ஊரைச் சுற்றி அங்கங்கே தற்காலிக பஸ் ஸ்டாண்டு போடுவார்கள். ஐப்பசி மழையில் தரிசெல்லாம் புல் மண்டிக் கிடக்கும். அதை வெட்டித் தரையைக் காட்டினால்தான் பஸ் நிற்க முடியும். அந்த வருஷம் அடி அண்ணாமலைக்குப் பின்பக்கம் ஒரு தரிசை எனக்குக் கொடுத்தார்கள். புல்லா அது? உள்ளே இறங்கி நின்றால் என் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

முந்தின நாள் சாயங்காலமே முழுக்க நடந்து பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் ஒரு சர்வே கல் இருந்தது. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன். பிளேடு கல்லில் பட்டால் போல்ட் உடையும், சில்லு பறக்கும், நிற்கிறவர் கண் போகும். அதனால் கல்லைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். கடைசியில் அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தேன். வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போனேன். பின்னாலேயே கொக்குகள் வந்தன. பூச்சி பறக்கப் பறக்க அதுகளுக்கு விருந்து.

வேலையைப் பார்க்க வந்திருந்த ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், சின்னப் பெண், அதற்கு அதுதான் முதல் தீபம். கையில் குடை, முகத்தில் வியர்வை.

"அக்கா, மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். அதுக்குள்ள தரை தெரியணும்."

"தெரியும்மா. நீ நிழலா பாத்து நில்லு."

"அங்க ஒரு கொத்து விட்டுட்டீங்களே?"

"கல்லு இருக்குது. கடைசில அறுத்துக்கலாம்."

போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. "பாக்க அசிங்கமா இருக்குதுக்கா. அதை மொதல்ல முடிச்சிடுங்களேன்."

"இன்னொரு தடவை வந்தீன்னா அரிவாளை உன் கையில குடுத்துடுவேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

மதியம் ஆவதற்குள் நடுவில் ஒரு நீளத் துண்டுதான் பாக்கி. இப்படி உள்பக்கமாகவே வெட்டிக்கொண்டு போனால் முயல், கௌதாரி எல்லாம் நடுவுக்கு ஒதுங்கும். கடைசித் துண்டில் கை வைக்கும்போது நாலு பக்கமும் தெறித்து ஓடும். அதைப் பார்க்கவென்றே ஊர்க்காரர்கள் கூடிவிடுவார்கள். அன்றைக்கும் வேலி ஓரத்தில் கூட்டம், கூடவே மூன்று நாய். திருவிழா மாதிரி இருந்தது. எனக்கும் குஷி ஏறிவிட்டது. கியரை மாற்றித் துண்டுக்கு நேராகத் திருப்பினேன்.

அப்போதுதான் ராணி வந்து நின்றாள்.

கன்று

ராணி கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருப்பவள். மூச்சு வாங்கியது. நான் கத்தியதைச் சொன்னால் அச்சுக்கு ஆகாது. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அக்கா, இன்ஜினை நிறுத்துங்க. உள்ள என் கன்னு இருக்குது."

ராத்திரி மழையில் அவளுடைய கிடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். நிறைசினை, தலை ஈத்து. விடிந்ததிலிருந்து தேடியிருக்கிறாள். கடைசியில் இந்தத் தரிசின் மறுபக்க வேலியோரம் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். வயிறு வற்றியிருக்கிறது, நஞ்சுக்கொடி தொங்குகிறது, கன்று இல்லை.

"எத்தினி தடவை ஊசி போட்டும் சினை நிக்காத மாடுக்கா. வித்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் விடல. இந்தக் கன்னு எனக்கு வேணும்க்கா."

நான் பி.டி.ஓ.வை எடுத்தேன், இன்ஜினை நிறுத்தினேன். சாவியை இடுப்பில் செருகினேன்.

ஜே.இ. ஓடி வந்தது. "அக்கா, மணி ஒண்ணரை. ஏன் நிறுத்திட்டீங்க?"

"உள்ள கன்னு இருக்குதாம்."

"இருக்குதாமா? யாராவது பாத்தாங்களா?"

"பாக்கல. அதனாலதான் நிறுத்தினேன்."

வேலியோரம் நின்ற எல்லாரையும் கூப்பிட்டேன். வரிசையாக நின்று, குச்சியால் புல்லை விலக்கிக்கொண்டு அந்தத் துண்டுக்குள் நடந்தோம். ஒரு சாரைப்பாம்பு குறுக்கே ஓடியது. நாலு பேர் அலறிக்கொண்டு வெளியே வந்து மறுபடியும் உள்ளே போனார்கள். முயல் ஓடியது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பியும் வந்துவிட்டோம். கன்று இல்லை.

ராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"பிளேடுல பட்டுடுச்சாக்கா?"

காலையிலிருந்து எவ்வளவு புல்லை வெட்டியிருக்கிறேன். அந்தச் சத்தத்தில் ஒரு கன்று கத்தினால் எனக்குக் கேட்டிருக்குமா? ஸ்லேஷரைத் தூக்கி, கட்டை வைத்து முட்டுக்கொடுத்து, மண்டியிட்டு அடியில் பார்த்தேன். பிளேடைத் தடவினேன், தட்டின் ஓரத்தைத் தடவினேன். கையில் பச்சைதான் ஒட்டியது, சிவப்பு இல்லை. அண்ணாமலையாரே என்று அங்கேயே கும்பிட்டேன்.

"படல ராணி. இந்தா, கையப் பாரு."

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பி மாட்டைப் பார்த்தாள். மாடு வேலியோரம் நின்று, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

"கன்னு போயிருந்தா இந்நேரம் கத்தித் தீர்த்திருக்கும்க்கா" என்றாள் ராணி. "இது கத்தவே இல்ல. அதுக்கு எடம் தெரியும். நாம நிக்கறோம்னு போகாம இருக்குது. காலைல இருந்து மிஷின் சத்தம் வேற. கன்னு இன்னும் சீம்பால் குடிக்கல. குடிக்கலன்னா தாங்காது."

அவ்வளவுதான், எனக்கு வேகம் வந்துவிட்டது. எல்லாரையும் வேலிக்கு வெளியே விரட்டினேன். நாய் மூன்றையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக் கதவைச் சாத்தச் சொன்னேன். "எல்லாம் உக்காருங்க. எவனாவது வாயைத் தொறந்தீங்க, ஸ்லேஷரை உங்க மேல விட்டுடுவேன்." கூட்டம் மொத்தமும் உட்கார்ந்தது. ஜே.இ. குடையை மடக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தது.

அப்போது பார்த்து அதன் போன் அடித்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசியது.

"சார், கிரவுண்டு ரெடியாகிட்டே இருக்கு சார். இல்ல சார், டிராக்டர் நிக்குது. மாடு போகணும் சார். இல்ல சார், நம்ம மாடு இல்ல. அப்புறம் பேசறேன் சார்."

மேலதிகாரியிடம் அப்படிப் பேசி போனை வைக்க அந்த வயதில் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

மாடு அசையவில்லை. ராணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்தது. கொக்குகள்கூட ஒரு பக்கமாகப் போய் நின்றுவிட்டன. அப்புறம் மாடு தலையைத் தூக்கி ஒரு தடவை எங்களைப் பார்த்தது. மெல்ல நடந்தது. நடுவில் பாக்கியிருந்த துண்டை நோக்கித்தான் போகிறது என்று நினைத்தேன். அதைத் தாண்டியது. நான் வெட்டிமுடித்த வெட்டவெளியில் நடந்தது. கிழக்கே சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்த கொத்துப் புல்லுக்குள் தலையை விட்டு, தாழ்வாக ஒரு குரல் கொடுத்தது.

புல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் பதில் கொடுத்தது.

ராணி எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன். கல்லை ஒட்டிச் சுருண்டு கிடந்தது. செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. கொத்துக்கு இரண்டு பக்கமும் என் டிராக்டர் டயர் தடம். தடத்துக்கும் கன்றுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. காலையிலிருந்து எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது மூச்சுக் காட்டாமல் படுத்துக்கிடந்திருக்கிறது.

"கிடேரிக்கா, கிடேரிக் கன்னு" என்று ராணி அழுதுகொண்டே சிரித்தாள். கன்று தள்ளாடி எழுந்து, விழுந்து, மறுபடியும் எழுந்து மடியைப் பிடித்தது. வால் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து ஊரே கைதட்டியது. நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ஜே.இ. அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. முகம் வெளுத்திருந்தது. "நான் ரெண்டு தடவை வெட்டச் சொன்னேன்க்கா" என்றது.

"நான்தான் கேக்கலியே. போய்த் தண்ணி குடி."

இன்ஸ்பெக்‌ஷன்

அப்புறம் ஓட்டினேன் பாருங்கள் ஒரு ஓட்டு. மிதிபட்டுச் சாய்ந்துகிடந்த புல்லை ஒரு தடவை உயரத்தில் வெட்டி, தட்டை இறக்கி இன்னொரு தடவை வழித்தெடுத்தேன். கூட்டம் வேலியில் நின்று விசிலடித்தது. கடைசிச் சுற்றை முடித்து ஸ்லேஷரைத் தூக்கும்போது ஜீப் உள்ளே நுழைந்தது.

வந்த அதிகாரி சுற்றிப் பார்த்தார். தரை தெரிந்தது, முகம் தெளிந்தது. கிழக்குப் பக்கம் பார்வை போனதும் நின்றார். கொத்துப் புல், அதற்குள் மாடு, மாட்டின் கீழே கன்று.

"அது ஏன் வெட்டல?"

ஜே.இ. நிமிர்ந்து நின்றது. "சர்வே கல் சார். சுத்தி ஒரு கட்டில் அகலம் விடணும் சார். அதுதான் முறை."

நான் இருமுவது மாதிரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த நிலமானாலும் தட்டை இறக்குவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் கேட்டுவிடுவேன்: சினை மாடு ஏதாவது உண்டா, ராத்திரி கட்டுத்தறியில் இருந்ததா? ஒரு காலேஜ் கிரவுண்டில்கூடக் கேட்டேன். வாத்தியார்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். புது டிரைவர் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிலத்தை முந்தின நாள் நடந்து பார்த்தது முந்தின நாளோடு சரி. ராத்திரி யார் வந்து படுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கேளுங்கள். கேட்பதற்கு டீசல் ஆகாது.

மூன்று வருஷம் கழித்து, போன தீபத்துக்கும் எனக்கு அதே தரிசுதான். டிராக்டரை இறக்கி, ஸ்லேஷர் செயினை மாட்டிக்கொண்டிருக்கும்போது ராணி தூக்குவாளியோடு வந்தாள். செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னா ராணி, மறுபடியுமா?"

"மாடு கட்டித்தான்க்கா கெடக்குது. எப்பிடியும் நீங்க கேப்பீங்க, அதான் நானே சொல்ல வந்தேன்." வாளியைத் திறந்து நீட்டினாள். காய்ச்சின சீம்பால், ஏலக்காய் வாசனையோடு. "அந்தக் கன்னுதான்க்கா. நேத்து ராத்திரி கொட்டாயிலேயே ஈன்னுடுச்சு."