கிண்ணம் டீச்சரின் கட்டில்

இடுப்பெலும்பு முறிந்து வீடு திரும்பியதிலிருந்து கிண்ணம் டீச்சருக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வாடகை மோட்டார் கட்டிலைச் சரிசெய்ய வந்தவர் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றினார். "ஐயோ!" இறக்கினார். அதற்கும் "ஐயோ!" கால்பக்கம் அசைந்தபோது டீச்சர் போட்ட கூச்சலில் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எப்படி நகத்துனாலும் வலி கூடுது டீச்சரம்மா. அப்போ இதுதான் இருக்கறதுலயே நல்ல நிலை. பொறுத்துக்குங்க."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் கணக்கு நடத்திய காலமெல்லாம், பட்டப்பெயரே ஆகிவிட்ட ஓர் எவர்சில்வர் கிண்ணத்தோடு வகுப்புக்குப் போய் இந்த முட்டாள்தனத்தோடுதான் மல்லுக்கட்டினார். எந்த இரண்டு வகுப்பை இடம் மாற்றினாலும் மோசமாகிறது, ஆகவே இதுவே சிறந்த கால அட்டவணை என்று முதல்வர் சொன்னபோது, கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்.

"வலி குறையற இடத்தைப் பள்ளம்னு வெச்சுக்குங்க. கிண்ணமா இருந்தா நீங்க சொல்றது சரி தம்பி. அதுல எந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல நூலை இழுத்துக் கட்டுங்க, கிண்ணம் நூலுக்கு மேல தலைதூக்காது. தூரத்துல இதைவிடப் பள்ளம் இருந்தா நூல் உங்க காலடியிலிருந்தே இறங்கும். கிண்ணத்தோட தரை அதுக்கு மேல வராது. முதல் அடியிலயே தெரிஞ்சுடும். தெரியலேன்னா வேற பள்ளமே இல்ல. என் உடம்பு கிண்ணம்னு எவன் சொன்னான்? இது கசங்கின போர்வை! நடுவுல மேடு, அந்தாண்ட இன்னும் ஆழமான பள்ளம் இருக்கலாம்."

"ஏம்மா, அவரு கட்டில் பாக்க வந்தாரா, பரீட்சை எழுத வந்தாரா?" என்றாள் மகள்.

"எதுக்கு வந்தாலும் ஃபெயில்! என்னை நல்ல பக்கமா முழுசாப் புரட்டுங்க. டாக்டர் திரும்பலாம்னுதானே சொன்னார்?"

"புரட்டறதுக்குள்ள உயிர் போயிடும்மா."

"போறது மேட்டைத் தாண்டிப் போகட்டும்!"

முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து இருவரும் புரட்டினார்கள். டீச்சர் கட்டில் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பிறகு சட்டென்று அடங்கினார். இறுகியிருந்த தாடை தளர்ந்தது.

"குறைஞ்சிருக்காம்மா?"

"பாதிக்குமேல."

"அப்பாடா! இதோட விடு."

"ஏன் விடணும்? குறைஞ்சிருக்குன்னுதான் சொன்னேன், இதுக்குமேல குறையாதுன்னு சொன்னேனா? தம்பி, போயிடாதீங்க. தொடைக்கு அடியில ஒரு துணி..."

பேச்சு பாதியில் நின்றது, குறட்டை வந்தது. கட்டில்காரர் ஒரு காலில் செருப்பை மாட்டியபடி வாசலில் நின்றார். போகலாமா என்று எழுப்பிக் கேட்க அவருக்கும் துணிச்சல் இல்லை, மகளுக்கும் இல்லை.